முதல் ஸ்டெப்னி முழுச் சக்கரமே இல்லை, தெரியுமா?

உலகின் முதல் ஸ்டெப்னிக்கு ஆரக்கால் கிடையாது, நடுவில் குடம் கிடையாது, அச்சில் மாட்ட வழியே கிடையாது, தெரியுமா? காற்றடித்த டயரோடு ஓர் இரும்பு வளையம், அவ்வளவுதான்! பஞ்சரான சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். அதன் பக்கத்தில் இந்த வளையத்தைச் சேர்த்து வைத்துக் கிளாம்ப்பை முறுக்கினால் வண்டி கிளம்பிவிடும். 1904-ல் வேல்ஸில் உள்ள லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து தாமஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ் என்ற சகோதரர்கள் கொண்டுவந்த சாமான் இது. நம் ஊர் லாரி டிரைவர் முதல் ஆட்டோக்காரர் வரை இன்றும் சொல்வது அந்தத் தெருவின் பெயரைத்தான்!

அந்தக் காலத்து மோட்டார் கார்களில் சக்கரத்தை லேசில் கழற்ற முடியாது. பஞ்சரானால் நடுரோட்டில் உட்கார்ந்து, நெம்பியால் டயரைப் பிரித்து, ட்யூபை உருவி, ஒட்டுப் போட்டு, மறுபடி மாட்டிக் காற்றடிக்க வேண்டும். ஆணியும் குதிரை லாடமும் இறைந்து கிடந்த மண்சாலைகளில் ஒரே பயணத்தில் இதைப் பலமுறை செய்யவேண்டி வந்தது. அதைத் தாண்டி வீடு போய்ச் சேர ஒரு தற்காலிக ஏற்பாடுதான் டேவிஸ் சகோதரர்களின் வளையம்.

கவனித்தீர்களா? முதல் ஸ்டெப்னியே தற்காலிகமானது! இன்று கார் வாங்குகிறவர்கள், "ஸ்டெப்னி முழு சைஸா, இல்லை அந்த ஒல்லி டயரா?" என்று கேட்கிறார்களே, அந்த ஒல்லி டயர் ஏதோ இந்தக் காலத்துக் கம்பெனிகளின் கஞ்சத்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். வரலாற்றுப்படி மூத்தது தற்காலிக ஸ்டெப்னிதான். முழு சைஸ் ஸ்டெப்னி பின்னால் பிறந்த தம்பி.

அந்தத் தம்பி பிறந்த கதையும் கேட்க வேண்டியது. 1906-ல் பிரான்ஸின் ல மான் நகருக்கு அருகே உலகின் முதல் கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. இரண்டு நாள், 1,200 கிலோமீட்டருக்கு மேல்! டயர் போனால் டிரைவரும் உடன் வரும் மெக்கானிக்கும்தான் மாற்ற வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. மற்றவர்களில் பலர் டயரைக் கத்தியால் அறுத்தெடுத்துப் புதிது மாட்ட ஏறக்குறைய 15 நிமிடம் ஆனது. ரெனோ கார் ஓட்டிய ஃபெரென்ட்ஸ் சிஸ்ஸிடம் மிஷெலின் கம்பெனியின் கழற்றி மாட்டும் டிஸ்க் இருந்தது. டயர் ஏற்கெனவே மாட்டிக் காற்றடித்துத் தயாராக இருக்கும். நட்டுகளைத் திருகினால் நான்கு நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. ஜெயித்தது அவர்தான்! அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் சக்கரத்தையே முழுதாகக் கழற்றி மாட்டும் ரட்ஜ்-விட்வொர்த் கம்பிச் சக்கரம் இங்கிலாந்தில் வந்தது. அதன் பிறகுதான் "நாலு சக்கரம் ஓடட்டும், ஐந்தாவது ஒன்று கூடவே வரட்டும்" என்பது நடைமுறையானது.

ஐந்தாவது சக்கரம் குடியிருந்த இடங்கள்

இந்த ஐந்தாவது சக்கரத்துக்கு இடம் தேடி வடிவமைப்பாளர்கள் பட்ட பாடு இருக்கிறதே, அது தனி ஆச்சரியம். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் எஞ்சின் பின்னால்; எனவே ஸ்டெப்னி முன்பக்கம். 1960-களின் பீட்டிலில் முன் கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சியது எது தெரியுமா? மோட்டார் இல்லை, பம்ப் இல்லை. ஸ்டெப்னி டயரிலிருந்த காற்று! ஸ்டெப்னியின் வால்விலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு ரப்பர் குழாய் போகும். பட்டனை அமுக்கினால் டயர் காற்று தண்ணீரைத் தள்ளும். கண்ணாடியைக் கழுவிக் கழுவி ஸ்டெப்னியே காலியாகிவிடாதா? அதற்கும் ஒரு தடுப்பு வால்வு வைத்திருந்தார்கள். காற்று ஓரளவுக்குக் கீழே இறங்கியதும் குழாய் அடைத்துக்கொள்ளும். மிச்சக் காற்று சக்கரத்துக்கு. இந்தப் புத்திசாலித்தனம் என்னை இன்றும் அசர வைக்கிறது.

பிரான்ஸின் சித்ரோயன் டிஎஸ் காரில் ஸ்டெப்னி மூக்கு நுனியில், எஞ்சினுக்கும் முன்னால் படுத்திருக்கும். 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸை ஒட்டிய பெத்தி-கிளாமாரில் பிரெஞ்சு அதிபர் சார்ல் த கோலைக் கொல்லச் சிலர் துப்பாக்கிகளோடு காத்திருந்தார்கள். அவர் வந்தது ஒரு டிஎஸ் காரில். குண்டு பட்டு டயர்கள் கிழிந்தன. ஸ்டெப்னி மாட்ட இறங்குகிற நேரமா அது? டிரைவர் நிறுத்தவே இல்லை! எண்ணெயும் வாயுவும் சேர்ந்து தாங்கும் அந்தக் காரின் விசேஷ சஸ்பென்ஷன் வண்டியைச் சாய விடாமல் பிடித்துக்கொள்ள, அதே வேகத்தில் ஓட்டித் தப்பினார்.

ஃபியட் யூனோவில் ஸ்டெப்னி பானட்டுக்குள், எஞ்சினோடு சேர்ந்தே கிடக்கும். பிரிஸ்டல் என்ற பிரிட்டிஷ் காரில் முன் சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டுக்குள் ஒளிந்திருக்கும். நம் டாடா நானோவில் முன் பானட்டைத் திறந்தால் எஞ்சின் இருக்காது, ஸ்டெப்னி இருக்கும்! நானோவில் இன்னொரு விசேஷம்: முன் டயரின் அகலம் 135 மில்லிமீட்டர், பின் டயரின் அகலம் 155. இரண்டு அளவு இருக்கும்போது ஒரே ஸ்டெப்னி எப்படி நாலுக்கும் முழுப் பொருத்தமாகும்? இந்தக் கேள்வியை மனதில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

1939-ல் ஃபோர்டு கம்பெனியின் எட்செல் ஃபோர்டுக்காக உருவான லிங்கன் கான்டினென்டல் காரில் ஸ்டெப்னி பின்பக்கம் வெளியே நின்றது. அது அவ்வளவு அழகாகப்பட்டதால், பல பத்தாண்டுகள் கழித்து வந்த லிங்கன் கார்களின் டிக்கி மூடியிலும் சக்கர வடிவில் ஒரு புடைப்பு வைத்தார்கள். உள்ளே அந்த இடத்தில் ஸ்டெப்னி இல்லை, புடைப்பு மட்டும்!

நம் ஊருக்கு வருவோம். சென்னையை அடுத்த மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் ஸ்டெப்னியைப் பின்கதவில் சுமந்தது. ஐரோப்பாவுக்குப் போனபோது அங்கிருந்தவர்கள் பின்கதவில் சக்கரம் இல்லாத மாடலையும் கேட்டு வாங்கினார்கள். பார்வைக்கு எப்படியோ, டிக்கி நிறையச் சாமானோடு பஞ்சரானவர்களுக்குத் தெரியும் வெளியே தொங்கும் ஸ்டெப்னியின் அருமை. ஒரு பெட்டியைக்கூட இறக்க வேண்டாம். இன்னோவாவில் அது வண்டியின் வயிற்றுக்கு அடியில் சங்கிலியில் தொங்கும். கம்பியை விட்டுச் சுற்றினால் இறங்கும். 2023-ல் வந்த அல்ட்ராஸ் சிஎன்ஜி-யில் டிக்கித் தளத்தின் கீழ் இரண்டு சிறு சிலிண்டர்களைப் படுக்க வைக்க இடம் வேண்டியிருந்ததால் ஸ்டெப்னி வெளியே, வண்டிக்கு அடியில் போனது.

இரு சக்கர வண்டிக்கும் ஸ்டெப்னி இருந்ததை இந்தத் தலைமுறைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள்! பழைய பஜாஜ் சேத்தக்கில் இருந்தது. முன்னும் பின்னும் ஒரே 10 இன்ச் சக்கரம், அதனால் ஒன்றே இரண்டுக்கும் ஆகும். அதன் டிஸ்க் இரண்டு பாதியாகப் பிரியும். நட்டைக் கழற்றினால் நெம்பி இல்லாமலே டயர் கையோடு வந்துவிடும். ஆட்டோ ரிக்‌ஷாவுக்கும் இதே கதை. மூன்று சக்கரமும் 8 இன்ச், ஸ்டெப்னியும் அதே 8 இன்ச். முழு சைஸா ஒல்லியா என்ற கேள்வியே ஆட்டோக்காரருக்கு எழுந்ததில்லை. அவர் வண்டியில் எந்தச் சக்கரமும் எந்த இடத்துக்கும் போகும். கோடி ரூபாய்க் காரில் கிடைக்காத வசதி அது!

மடித்து வைத்த டயர்!

கார் தாழ்ந்துகொண்டே போனது, டயர் அகன்றுகொண்டே போனது. டிக்கியில் இடம் போதவில்லை. 1967-ல் பி.எஃப்.குட்ரிச் கம்பெனி ஒரு தீர்வு கொண்டுவந்தது. பான்டியாக் ஃபயர்பேர்டு காருக்கு மடித்து வைக்கும் டயர்! டிஸ்க்கோடு சுருங்கி ஒட்டிக் கிடக்கும். பஞ்சரானால் கூடவே வரும் காற்றுக் குப்பியைத் திறந்து ஊதவைக்க வேண்டும். போர்ஷே 911-லும் இப்படி ஒன்று வந்தது. அதற்குக் குப்பி இல்லை, காரின் மின்சாரத்தில் ஓடும் குட்டி கம்ப்ரஸர். டயரை மாட்டிவிட்டுச் சாலையோரம் நின்று அதற்குக் காற்றடிக்க வேண்டும். 1970-களின் இறுதியில் இதற்கும் ஒரு மாற்று பிறந்தது. மடிக்கவே வேண்டாம், ஒல்லியாகவே செய்துவிடலாம். காற்றை மட்டும் இரண்டு மடங்கு அழுத்தமாக அடைத்தால் போதும் என்றார்கள். அதுதான் இன்று டிக்கியில் கிடக்கும் மஞ்சள் அல்லது சிவப்பு அடையாளம் போட்ட ஒல்லி ஸ்டெப்னி.

இரண்டு மடங்கு என்றது கணக்குப்படிதான். சாதாரண டயருக்கு 33 பிஎஸ்ஐ, ஒல்லி ஸ்டெப்னிக்கு 60 பிஎஸ்ஐ! 1,200 கிலோ காரில் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 300 கிலோ பாரம். 33 பிஎஸ்ஐ-யில் அந்தப் பாரத்தைத் தாங்கத் தரையில் படியும் ரப்பர் ஏறக்குறைய 130 சதுர சென்டிமீட்டர். அதாவது ஓர் அஞ்சல் அட்டை அளவு. மொத்தக் காரும் நாலு அஞ்சல் அட்டை மேல்தான் ஓடுகிறது! அதே பாரத்தை 60 பிஎஸ்ஐ டயர் தாங்கும்போது தரையில் படிவது ஏறக்குறைய 70 சதுர சென்டிமீட்டர். பாதி அட்டை. டயரின் மேல்வரியான பட்டனின் ஆழமும் குறைவு. பிரேக் அடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் அந்த ஒரு மூலையில் பிடிமானம் ஏன் குறைகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம். தற்காலிகச் சக்கரம் பார்த்ததும் தெரியும் நிறத்தில் இருக்க வேண்டும், 80 கிலோமீட்டர் வேக எச்சரிக்கை அதன்மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்று ஐ.நா.வின் 64-ஆம் எண் வாகன ஒழுங்குவிதி சொல்வதும் இதனால்தான்.

ஒல்லியாக இருப்பதெல்லாம் குட்டையாகவும் இருக்கும் என்று நினைக்கிறீர்களா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது! ஃபோக்ஸ்வாகன் கால்ஃப் காரின் சாதாரண டயர் 205/55 ஆர்16. அதன் ஸ்டெப்னியோ 125/70 ஆர்18. டிஸ்க் இரண்டு இன்ச் பெரியது, டயர் 80 மில்லிமீட்டர் ஒல்லி. உயரத்தைக் கணக்கிடுங்கள்: டிஸ்க்கின் இன்ச்சை 25.4-ஆல் பெருக்கி, இரண்டு பக்கச் சுவரையும் (ஒவ்வொன்றும் அகலத்தில், சாய்கோட்டுக்குப் பின் உள்ள எண் சதவீதம்) கூட்ட வேண்டும். முதலாவது 631.9 மில்லிமீட்டர். இரண்டாவது 632.2 மில்லிமீட்டர். வித்தியாசம் வெறும் 0.3 மில்லிமீட்டர்! அந்த ஒல்லி டயர் தன் மூன்று கூட்டாளிகளோடு ஏறக்குறைய அதே சுற்று சுற்றும்.

ஏன் அவ்வளவு மெனக்கெட வேண்டும்? ஒரே அச்சில் இரு சக்கரங்களின் உயரம் வேறுபட்டால், குட்டையானது அதிகம் சுற்றியாக வேண்டும். அந்த வேறுபாட்டை நேர்ச்சாலையிலும் இடைவிடாமல் சமாளிப்பது டிஃபரன்ஷியல். வளைவில் சில நொடி வேலை செய்யப் பிறந்த பல்சக்கரங்கள் அப்போது ஓயாமல் உழைக்கும், சூடேறும். ஏபிஎஸ் சென்சாரும் ஒரு சக்கரம் மட்டும் வேகமாகச் சுற்றுவதைப் பார்க்கும். நாலு சக்கரமும் இழுக்கும் கார்களில் சிக்கல் இன்னும் கூடும். அதனால்தான் முன் சக்கரம் இழுக்கும் காரில் முன் டயர் பஞ்சரானால், பின் சக்கரம் ஒன்றைக் கழற்றி முன்னால் மாட்டி, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டச் சொல்கின்றன பல காரின் கையேடுகள். இரண்டு முறை ஜாக்கி போட வேண்டும், உண்மைதான். மழையில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்க அந்தச் சிரமம் தகும்.

"முழு சைஸ்" என்பது எவ்வளவு முழு?

நானோவின் கேள்வியை மனதில் வைக்கச் சொன்னேனே, அதற்கு இப்போது வருகிறேன். முழுப் பொருத்தம் இல்லாதது நானோவில் மட்டுமில்லை; இந்தியாவில் விற்கும் ஏராளமான கார்களின் மேல்ரக மாடலில் நாலு அலாய் வீல், ஸ்டெப்னி மட்டும் இரும்பு டிஸ்க், அதுவும் ஒரு இன்ச் சிறியது. ஷோரூமில் கேட்டால் "முழு ஸ்டெப்னி சார்" என்பார்கள். பார்க்கவும் குண்டாகத்தான் இருக்கும். ஆனால் அதன் மேலும் 80 ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்!

ஓர் உதாரணம்: ஓடும் டயர் 215/60 ஆர்17, ஸ்டெப்னி 205/65 ஆர்16. முதலாவது உயரம் 689.8 மில்லிமீட்டர், இரண்டாவது 672.9. கண்ணுக்குத் தெரியாத 17 மில்லிமீட்டர்தான். ஆனால் ஒரு கிலோமீட்டருக்குப் பெரியது 461 முறை சுற்ற, சிறியது 473 முறை சுற்றும். நூறு கிலோமீட்டரில் 1,150 சுற்றுக்கு மேல் வித்தியாசம்! கால்ஃபின் ஒல்லி டயர் இந்தக் குண்டு டயரைவிட உயரத்தில் துல்லியம் என்பதைப் பாருங்கள். அகலத்தில் இது ஜெயிக்கிறது, உயரத்தில் அது ஜெயிக்கிறது. ஆகவே உண்மையான கேள்வி "முழுசா ஒல்லியா" என்பதோடு நிற்பதில்லை; "ஸ்டெப்னி டயரில் எழுதியிருக்கும் எண்ணும் ஓடும் டயரில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றா?" என்பதுதான். ஒன்றாக இருந்தால் அது முழு ஸ்டெப்னி. இல்லாவிட்டால் குண்டாக இருந்தாலும் தற்காலிகம்தான். எண்ணுக்கு முன்னால் 'T' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது தற்காலிகத்துக்கென்றே பிறந்தது.

எண் ஒத்துப்போகும் ஸ்டெப்னியால் ஒரு புதையல் உண்டு, தெரியுமா? அதையும் சுழற்சியில் சேர்க்கலாம். நாலு டயரும் 40,000 கிலோமீட்டர் வீதம் உழைக்கும் என்று வையுங்கள். ஐந்தையும் மாற்றி மாற்றி ஓட்டினால் அதே டயர்களில் 50,000 கிலோமீட்டர் ஓடலாம்! டிக்கியில் சும்மா கிடந்து காய்ந்துபோகும் ரப்பரும் காசாகிறது. ஒரே திசையில் மட்டும் சுற்ற வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் மட்டும் இந்த வசதி சுருங்கும்.

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஒல்லி ஸ்டெப்னி எடை குறைவு; தனியாக வண்டி ஓட்டும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் தூக்கி மாட்ட எளிது. டிக்கியில் தளம் தாழ்ந்து பெட்டிக்கு இடம் கிடைக்கும். ஆனால் ஒன்றை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை: ஒல்லி ஸ்டெப்னியை எடுத்த பள்ளத்தில் பஞ்சரான பெரிய சக்கரம் உட்காராது! சேறும் அழுக்குமாய் அது பின்சீட்டில் யாருடைய மடியிலாவது வரும். ஐந்து பேரும் சாமானும் நிறைந்த காரில் இதை யோசித்துப் பாருங்கள்.

எவ்வளவு தூரம்?

ஆஸ்திரேலியாவின் நலர்பார் சமவெளியில் ஒரு சாலை 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் போகிறது, தெரியுமா? பலடோனியாவிலிருந்து கைகுனா வரை சுமார் 180 கிலோமீட்டர். நடுவே ஊர் கிடையாது. ஒல்லி ஸ்டெப்னியில் சுமார் 80 கிலோமீட்டர் தூரம்வரை போகலாம் என்பதுதான் பொதுவான அறிவுரை. அங்கே அதை மாட்டிக்கொண்டு எங்கே போய்ச் சேர்வது? உள்நாட்டுச் சாலைகளில் பயணிக்கும் ஆஸ்திரேலியர்கள் முழு ஸ்டெப்னிக்காகச் சண்டை போடுவது இதனால்தான். இரண்டு ஸ்டெப்னி கட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

தமிழ்நாட்டு நெடுஞ்சாலையில் நிலைமை வேறு. டீக்கடை இருக்கிற இடத்தில் பெரும்பாலும் பஞ்சர் கடையும் இருக்கும். சென்னையிலோ கோவையிலோ ஊருக்குள் ஓடும் காருக்கு ஒல்லி ஸ்டெப்னி தாராளமாகப் போதும். ஆனால் 70 கொண்டை ஊசி வளைவு ஏறும் கொல்லிமலைக்கும், 40 வளைவு கடக்கும் வால்பாறைக்கும் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அப்படிச் சொல்ல என் மனம் ஒப்பாது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கச் சக்கரங்களின் மேல் பாரம் சாயும். இறக்கத்தில் பிரேக்குக்கு வேலை அதிகம். அங்கே ஒரு மூலையில் பாதி அஞ்சல் அட்டையை நம்பி இறங்குவதா?

ஸ்டெப்னியே இல்லாத கார்!

இது இன்னும் பெரிய செய்தி. 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் கொண்டுவந்தது. 3.5 டன்னுக்கு மிகாத பயணிகள் காரில் ட்யூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை! மின்சாரக் கார்களில் பெரிய பேட்டரிக்கு இடம் கிடைக்கும் என்பது அமைச்சகம் சொன்ன காரணங்களில் ஒன்று. அமெரிக்காவில் இந்த மாற்றம் முன்பே தொடங்கிவிட்டது. அங்குள்ள வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ எடுத்த கணக்குப்படி, 2006 மாடல் கார்களில் 5 சதவீதம் ஸ்டெப்னி இல்லாமல் வந்தன. 2015 மாடலில் 36 சதவீதம்! டெஸ்லா கார்களில் ஸ்டெப்னி வருவதே இல்லை.

கிட் என்பது ஒரு பசை டப்பாவும் சிறு கம்ப்ரஸரும். ஆணி குத்திய ஓட்டைக்கு அது அற்புதமாக வேலை செய்யும். பெரும்பாலான கிட்கள் 6 மில்லிமீட்டர் ஓட்டை வரை அடைக்கும். ஆனால் டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. நம் சாலைகளில் டயரைக் கொல்வது ஆணி மட்டுமா? மழைத் தண்ணீர் மூடிய பள்ளத்தில் அலாய் வீல் வேகமாக இறங்கினால் கிழிவது பக்கச் சுவர்தான். அந்த நேரத்தில் கிட் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். பசைக்குக் காலாவதி தேதி உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. சில ஆண்டுகளில் அது உறைந்துபோகும். பக்கச் சுவரைக் கெட்டியாக்கிய ரன்ஃபிளாட் டயர் காற்றே இல்லாமலும் ஓடும். பொதுவாக 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம்.

ஸ்டெப்னியே தேவைப்படாத வாகனங்களும் உண்டு! பாரிஸ் மெட்ரோவில் 1956 முதல் ரப்பர் டயர் ரயில் ஓடுகிறது. டயர் பஞ்சரானால்? அதன் பக்கத்திலேயே ஓர் இரும்புச் சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்; டயர் அமுங்கியதும் அது தண்டவாளத்தில் பதிந்து பாரத்தை வாங்கிக்கொள்ளும். மாட்டியே வைத்த ஸ்டெப்னி! 1971-ல் அப்போலோ 15 வீரர்கள் நிலவில் ஓட்டிய காருக்கும் ஸ்டெப்னி இல்லை. இரும்புக் கம்பியை வலையாகப் பின்னிச் செய்த சக்கரம் அது. உள்ளே காற்றே இல்லாதபோது பஞ்சர் ஏது?

எதை எடுப்பது?

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். வெளியூர்ப் பயணம், மலை, இரவு ஓட்டம், குடும்பம் நிறைந்த கார் என்றால் எண் ஒத்துப்போகும் முழு ஸ்டெப்னிதான். டிக்கியில் கொஞ்சம் இடம் போனால் போகட்டும். ஊருக்குள் மட்டும் ஓடும் சிறு காருக்கு ஒல்லி ஸ்டெப்னி குறையே இல்லை. கிட் மட்டும் உள்ள கார் வாங்கினால், பள்ளத்துக்குள் பொருந்தும் ஸ்டெப்னி ஒன்றைத் தனியாக விற்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். மாட்டும்போது நட்டையும் கவனியுங்கள். அலாய்க்கு ஒரு நட்டு, இரும்பு டிஸ்க்குக்கு வேறு நட்டு என்று வைத்திருக்கும் கார்கள் உண்டு.

எந்த வகையானாலும், காற்றில்லாத ஸ்டெப்னி வெறும் பாரம். ஓடாமல் கிடக்கும் டயரும் மாதத்துக்கு 1 பிஎஸ்ஐ வரை இழக்கும். இரண்டு வருடம் திறந்தே பார்க்காவிட்டால் 33-ல் மிஞ்சுவது 9! ஒல்லி ஸ்டெப்னிக்குள் காற்றின் அளவே குறைவு; சிறிது கசிந்தாலும் அழுத்தம் மளமளவென்று இறங்கும். பங்க்கில் காற்றடிப்பவர் பழக்கத்தில் அதற்கும் 33 வைத்துவிடுவார். "இதுக்கு 60" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் புதுசாகத் தெரிந்தாலும், பத்து வயதான டயரை மாற்றிவிடச் சொல்கின்றன டயர் கம்பெனிகள். அதில் ஸ்டெப்னிக்கு விலக்கு இல்லை.

அடுத்த முறை பெட்ரோல் போடும்போது டிக்கி விரிப்பைத் தூக்கி இந்த மூன்றையும் பாருங்கள்: டயரின் அளவு எண், காற்று, அந்த நாலு இலக்கம். புது கார் பார்க்கப் போகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே விற்பனையாளரிடம் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைக் காட்டச் சொல்லுங்கள்.